கார்ட்லெஸ் டிரில்: சுவரைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், பிட்டைத் தெரிந்துகொண்டு ஓட்டுங்கள்

கார்ட்லெஸ் டிரில் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வோல்ட் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எதில் துளை போடப் போகிறீர்கள்? அலமாரிக் கதவின் கீல், திரைச்சீலைக் கம்பி, கண்ணாடி மாட்டும் கொக்கி, குளியலறைத் தட்டு, பிரித்துக் கொண்டுவந்த கட்டில் என்று வீட்டு வேலைகளை வரிசைப்படுத்தினால் எல்லாமே ஓட்டை போட்டு ஸ்க்ரூ திருகும் வேலைதான். ஆனால் மரத்தில் போடும் ஓட்டை வேறு, செங்கல்லில் போடும் ஓட்டை வேறு. மரத்தைப் பிட் (டிரிலின் முனையில் மாட்டும் துளைக்கும் கம்பி) சீவி எடுக்கிறது. செங்கல்லையும் கான்கிரீட்டையும் சீவ முடியாது. இடித்து நொறுக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் மெஷின் தேர்வில் உள்ள குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

எந்த வகை மெஷின்

வெறுமனே சுழல மட்டும் செய்வது டிரில் டிரைவர். மரம், பிளைவுட், இரும்புத் தகடு, பிளாஸ்டிக் ஆகியவற்றில் துளை போடும், ஸ்க்ரூவும் திருகும். மரச்சாமான் பூட்டுவது, கைப்பிடி மாற்றுவது போன்ற வேலைகள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

இதே மெஷினில் சுத்தியல் அடியையும் சேர்த்தால் அது ஹேமர் டிரில். சில இடங்களில் இம்பாக்ட் டிரில் என்றும் காம்பி டிரில் என்றும் சொல்வார்கள். உள்ளே பற்கள் வெட்டிய இரண்டு வட்டத் தகடுகளில் ஒன்று அசையாமல் நிற்க, மற்றது அதன்மேல் உரசிச் சுழல்கிறது. பல் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பிட் முன்னால் ஒரு சின்ன அடி அடிக்கிறது. நிமிடத்துக்கு 25,000 அடிக்கு மேல் போகும் மெஷின்கள் சாதாரணமாகவே கிடைக்கின்றன. எண்ணிக்கை மிரட்டினாலும் ஒவ்வொரு அடியும் மிகச் சிறியது. அதற்கு வலு சேர்ப்பது பின்னாலிருந்து நீங்கள் கொடுக்கும் அழுத்தம். செங்கல் சுவருக்கு இது நன்றாகவே போதும்.

கான்கிரீட் தூண், உத்தரம், கூரை என்று வந்தால் கதை மாறுகிறது. 6 மி.மீ. துளை ஒன்றிரண்டை ஹேமர் டிரிலால் தட்டித் தடவிப் போட்டுவிடலாம். 8 மி.மீ., 10 மி.மீ. என்று வரிசையாகப் போட வேண்டுமென்றால் அது மெஷினுக்கும் தண்டனை, மணிக்கட்டுக்கும் தண்டனை. அந்த வேலைக்கு இருப்பது ரோட்டரி ஹேமர். அதில் அடிப்பது பல்தகடு இல்லை. காற்றை அழுத்தி ஓடும் பிஸ்டன். அடிகளின் எண்ணிக்கை ஹேமர் டிரிலைவிடக் குறைவு, ஆனால் ஒவ்வோர் அடியும் பல மடங்கு பலமானது. நீங்கள் முட்டித் தள்ள வேண்டாம், நேராகப் பிடித்தாலே போதும். அதன் பிட்டும் வேறு: பின்பக்கம் பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் தண்டு. இதைச் சொந்தமாக வாங்குவதைவிட, தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுப்பதே பெரும்பாலான வீடுகளுக்குச் சரி.

இம்பாக்ட் டிரைவர் என்று இன்னொன்று உண்டு. பெயர் ஒற்றுமையால் இதைச் சுவர் துளைக்கும் மெஷின் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். இதன் அடி முன்னோக்கி இல்லை, சுழலும் திசையில் விழுகிறது. நீளமான ஸ்க்ரூவை மரத்தில் இறக்கவும், துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றவும் அபாரமான கருவி. செங்கல்லுக்கு உதவாது. முதல் மெஷினாக இதை வாங்க வேண்டாம்.

ஆக, வீட்டில் செங்கல் சுவரும் மரச்சாமானும் கலந்திருந்தால் ஹேமர் வசதி உள்ள கார்ட்லெஸ் டிரில். சுவர் முழுக்க ஜிப்சம் பலகையோ மரமோ என்றால் சுத்தியல் இல்லாத எளிய டிரில் டிரைவர். எடையும் குறையும், நீளமும் குறையும்.

பெட்டியில் அச்சிட்ட எண்கள்

முதலில் வோல்ட். லித்தியம் அயான் செல் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். மூன்று செல்லை வரிசையாக இணைத்தால் 10.8, முழுச் சார்ஜில் 12-ஐத் தொடும் என்பதால் அதற்கு 12 வோல்ட் மெஷின் என்று பெயர். ஐந்து செல் என்றால் 18. அதே ஐந்து செல்லும் முழுச் சார்ஜில் 20-ஐத் தொடும். எனவே ஒரு நிறுவனம் 18 வோல்ட் என்றும் இன்னொரு நிறுவனம் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் போட்டிருந்தால் இரண்டும் ஒன்றேதான். அந்த இரண்டு வோல்ட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

12 வோல்ட் மெஷின் பேட்டரியோடு ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். 18 வோல்ட் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. மேஜைமேல் வைத்துத் தூக்கிப் பார்க்கும்போது இது பெரிதாகத் தெரியாது. ஏணிமேல் நின்று தலைக்கு மேலே ஒற்றைக் கையில் பிடிக்கும்போது தெரியும். மர வேலை மட்டுமே உள்ளவர் 12 வோல்ட்டைத் தைரியமாக வாங்கலாம். செங்கல் சுவர், 10 மி.மீ.க்கு மேல் மரத் துளை, வட்டமாக அறுக்கும் ஹோல் சா எல்லாம் வரும் என்றால் 18.

அடுத்து ஆம்பியர்-அவர். இது பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கான அளவு. வோல்ட்டையும் இதையும் பெருக்கினால் வாட்-அவர் வரும். உண்மையில் பேட்டரிக்குள் இருக்கும் சக்தி அதுதான். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 36 வாட்-அவர். வீட்டு வேலைக்கு ஒரு பெரிய 5 ஆம்பியர்-அவர் பேட்டரியைவிட இரண்டு 2 ஆம்பியர்-அவர் பேட்டரி நல்லது. ஒன்று ஓடும்போது மற்றது சார்ஜ் ஆகும், கையும் வலிக்காது.

டார்க் என்கிற முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் போடுவார்கள். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. "கடின முறுக்கு", "மென் முறுக்கு" என இரண்டு எண்கள் உண்டு. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது கடின முறுக்கை மட்டும்தான். அது இரும்பில் போல்ட் இறுகி நிற்கும் கணத்தில் கிடைக்கும் உச்சம். மரத்தில் ஸ்க்ரூ இறங்கும்போது கிடைப்பது மென் முறுக்கு. இரண்டு மெஷின்களை ஒப்பிடும்போது ஒரே வகை எண்ணை ஒப்பிடுங்கள். மரச்சாமான் பூட்ட 30 நியூட்டன் மீட்டரே தாராளம்.

பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்க்கு சக் என்று பெயர். 10 மி.மீ. சக்கில் 10 மி.மீ. தண்டு வரைக்கும்தான் நுழையும், 13 மி.மீ. இருந்தால் பெரிய பிட்டுகளுக்கும் இடமுண்டு. பிரஷ்லெஸ் மோட்டாரில், சுழலும் பகுதியை உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் இல்லை, உராய்வும் சூடும் குறைவு, அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும். விலை வித்தியாசம் சிறிதானால் அதை எடுங்கள். பெரிதானால், எப்போதாவது எடுத்துப் பயன்படுத்தும் வீட்டுக்குச் சாதாரண மோட்டாரே பல வருடம் உழைக்கும்.

எண்கள் சொல்லாத இரண்டு விஷயங்களைக் கையில் வாங்கித்தான் பார்க்க வேண்டும். டிரிகரை மெல்ல மெல்ல அழுத்துங்கள்: சக் நத்தை வேகத்தில் சுற்றத் தொடங்கிப் படிப்படியாக ஏறுகிறதா, அல்லது திடீரென்று துள்ளுகிறதா? துள்ளும் மெஷினில் துளையைச் சரியான புள்ளியில் தொடங்கவே முடியாது. பிறகு ஒரு நீளப் பிட்டை மாட்டி ஓட்டிப் பாருங்கள். பிட்டின் நுனி வட்டம் போட்டு ஆடினால் அந்த மெஷின் வேண்டாம். டிரிகரை விட்டதும் சக் உடனே நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள்: நீங்கள் வாங்குவது மெஷினை மட்டுமல்ல, ஒரு பேட்டரிக் குடும்பத்தை. ஒரு நிறுவனத்தின் பேட்டரி பெரும்பாலும் இன்னொன்றின் மெஷினில் பொருந்தாது. பின்னால் ஒரு சிறிய ரம்பமோ தேய்க்கும் மெஷினோ வாங்கும் எண்ணம் இருந்தால், அந்த நிறுவனத்தில் அதே பேட்டரியில் ஓடும் கருவிகள் என்னென்ன இருக்கின்றன என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

யாரும் தொடாத அந்த வளையம்

சக்குக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண் போட்ட வளையம் ஒன்று இருக்கும். அதுதான் கிளட்ச். பலர் மெஷின் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். எண் சிறிதாக இருந்தால் கொஞ்சம் எதிர்ப்பு வந்ததுமே சக் நின்று, உள்ளே "டர்ர்ர்" என்று சத்தம் வரும். எண் ஏற ஏற அதிக இறுக்கத்துக்குப் பிறகுதான் வழுக்கும். ஸ்க்ரூ தலை பலகைக்குள் புதைந்துபோவது, ஸ்க்ரூவின் வாய் (தலையில் பிட் உட்காரும் பள்ளம்) மழுங்குவது, பார்ட்டிகிள் போர்டில் மரை பிய்ந்து ஸ்க்ரூ சும்மா சுற்றுவது ஆகிய மூன்றுக்கும் மருந்து இந்த வளையத்தில் இருக்கிறது.

பயன்படுத்தும் முறை எளிது. எந்த வேலையானாலும் 3 அல்லது 4-இல் தொடங்குங்கள். ஸ்க்ரூ முழுதாக இறங்கும் முன்பே வழுக்கினால் இரண்டு எண் கூட்டுங்கள். தலை பலகையின் மட்டத்துக்கு வந்ததும் வழுக்கும் எண்ணே உங்கள் எண். அடுத்த இருபது ஸ்க்ரூவையும் கண்ணை மூடிக்கொண்டு அதே எண்ணில் இறக்கலாம்.

வளையத்தின் கடைசியில் பிட் படம் போட்டிருக்கும். அங்கே வைத்தால் கிளட்ச் வழுக்காது, முழு விசையும் போகும். துளை போட அதுதான். பக்கத்தில் சுத்தியல் படம் இருந்தால் அது அடியோடு சுழல்வது; சுவருக்கு மட்டும்.

மேலே தள்ளும் பொத்தானில் 1, 2 என்று இருப்பது கியர். 1 என்றால் மெதுவாக, வலுவாக. நிமிடத்துக்கு 400, 500 சுற்று. ஸ்க்ரூ, ஹோல் சா, பெரிய துளை ஆகியவற்றுக்கு இது. 2 என்றால் வேகம், 1,500 முதல் 2,000 சுற்று வரை; சிறிய துளைகளுக்கு. சக் முழுதாக நின்ற பிறகுதான் கியரை மாற்ற வேண்டும், ஓடும்போது தள்ளினால் பல் தேயும். டிரிகருக்கு மேலே இடமும் வலமும் தள்ளும் பொத்தான் திசை மாற்ற. அதை நடுவில் நிறுத்தினால் டிரிகர் பூட்டிக்கொள்ளும். பிட் மாற்றும்போதும், மெஷினைப் பைக்குள் வைக்கும்போதும் நடுவில் வையுங்கள். பெரிய பிட் மாற்றும்போது பேட்டரியையே கழற்றிவிடுவது இன்னும் நல்லது.

வேலை செய்வது பிட்தான்

மெஷின் சுற்றுகிறது, அவ்வளவே. துளை போடுவது பிட். விலை உயர்ந்த மெஷினில் மழுங்கிய பிட்டை மாட்டுவது, நல்ல சமையல்காரரிடம் மொண்ணை அரிவாள்மனையைக் கொடுப்பது போலத்தான். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் மெஷினில் குறையுங்கள், பிட்டில் வேண்டாம். நூறு பிட் அடங்கிய மலிவான பெட்டியைவிட, நல்ல பிட் எட்டு இருந்தால் போதும்.

உலோகத்துக்கு எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட். நுனி அகலக் கூம்பாக இருக்கும். இதையே மரத்துக்கும் பயன்படுத்தலாம், ஆனால் தொடங்கும்போது வழுக்கும். மரத்துக்கென்றே உள்ள பிட்டின் நடுவில் ஊசிபோல ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும்; அதைப் புள்ளியில் குத்தி வைத்தால் அசையாது, ஓரமும் சுத்தமாக வெட்டுப்படும். 15 மி.மீ.க்கு மேல் மரத் துளைக்குத் தட்டையான ஸ்பேட் பிட். கதவில் பூட்டு பதிக்கும் அளவுக்கு என்றால் ஹோல் சா.

சுவர் பிட்டின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு துண்டு ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். உடல் பருமனைவிட அந்தத் துண்டு சற்றே அகலமாக இருக்கும். அதை மரத்தில் ஓட்டினால் வெட்டாது, தேய்த்துக் கருக்கும். மரப் பிட்டைச் சுவரில் ஓட்டினால் ஒரே துளையில் அதன் கதை முடிந்தது. டைலுக்கு வேல் முனை போன்ற கார்பைடு பிட்டோ வைரத்துகள் பூசிய வட்டப் பிட்டோ வேண்டும்.

ஸ்க்ரூ பிட்டுகளில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. கூட்டல் குறி போட்ட எல்லா ஸ்க்ரூவும் ஒன்றல்ல. வெறும் கூட்டல் குறி பிலிப்ஸ். கூட்டல் குறிக்கு நடுவில் மெல்லிய குறுக்குக் கோடுகள் இன்னும் நான்கு இருந்தால் அது போசிடிரைவ். ஒன்றின் பிட் மற்றொன்றில் நுழையும், ஆனால் சரியாக உட்காராது. அழுத்தம் கூடினால் துள்ளி வெளியே வந்து வாயைக் கடித்துவிடும். வீட்டில் அதிகம் வருவது இரண்டிலும் 2-ஆம் எண் அளவு. நட்சத்திர வாய் உள்ள டார்க்ஸ் ஸ்க்ரூ கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள், அது எளிதில் துள்ளாது. ஸ்க்ரூ பிட்டின் முனை பளபளவென்று உருண்டுவிட்டால் தூக்கிப் போடுங்கள். அதைச் சேமிப்பதால் கெடும் ஸ்க்ரூவின் எண்ணிக்கைதான் கூடும்.

மரத்தில்

மரத்தில் நேரடியாக ஸ்க்ரூவைத் திருகினால் இறங்கும். ஓரத்திலிருந்து இரண்டு விரல்கடை தூரத்தில் என்றால் மரம் பிளக்கும். அதனால் முதலில் ஒரு வழித்துளை போட வேண்டும். எந்த அளவு? பிட்டை ஸ்க்ரூவுக்கு முன்னால் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஸ்க்ரூவின் நடுத்தண்டு பிட்டுக்குப் பின்னால் மறைய வேண்டும், மரை மட்டும் இருபக்கமும் தெரிய வேண்டும். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு மென்மரத்தில் 2.5 மி.மீ., தேக்கு போன்ற மரத்தில் 3 மி.மீ. சுமாராகச் சரியாக இருக்கும்.

இரண்டு பலகையை இணைக்கும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும். மேல் பலகையில் ஸ்க்ரூ தடையில்லாமல் நுழையும் அளவுக்குப் பெரிய துளை, கீழ்ப் பலகையில் வழித்துளை. மேல் பலகையிலும் மரை பிடித்துக்கொண்டால் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எத்தனை இறுக்கினாலும் மூடாது. பலர் இதை ஸ்க்ரூவின் தரக்குறைவு என்று நினைத்துவிடுகிறார்கள்.

பிளைவுட்டில் துளை மறுபக்கம் வெளிவரும் இடத்தில் சிலாம்பு பெயரும். பின்னால் ஒரு கழிவுப் பலகையை இறுக்கிக் கட்டிவிட்டுத் துளைத்தால் பெயராது. ஸ்பேட் பிட் என்றால் ஊசிமுனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி அந்தப் பக்கத்திலிருந்து முடியுங்கள். கடின மரத்தில் ஸ்க்ரூ முரண்டு பிடித்தால் மரையில் கொஞ்சம் மெழுகு தேய்க்கலாம். சோப்பு தேய்க்கும் பழக்கம் உண்டு. சோப்பு ஈரத்தை இழுத்து ஸ்க்ரூவைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் மெழுகே மேல்.

சுவரில், படிப்படியாக

துளைக்கும் முன் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று யோசியுங்கள். சுவிட்ச், பிளக் பாயிண்ட், விளக்கு ஆகியவற்றுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் பக்கவாட்டிலும் ஒயர் ஓட வாய்ப்பு அதிகம். குழாய்க்கும் அப்படித்தான். அந்தக் கோடுகளை விட்டு விலகுங்கள். ஒயர் கண்டுபிடிக்கும் கருவி உதவும், ஆனால் அது சத்தம் போடவில்லை என்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சந்தேகம் இருந்தால் அந்த அறையின் மின்சாரத்தை மெயினில் நிறுத்திவிட்டுத் துளையுங்கள். கார்ட்லெஸ் மெஷினுக்குச் சுவர் மின்சாரம் தேவையில்லை என்பதே இங்கே பெரிய வசதி.

1. இடத்தைப் பென்சிலால் கூட்டல் குறி போட்டுக் குறியுங்கள். புள்ளி வைத்தால் பிட் வைத்ததும் மறைந்துவிடும். கூட்டல் குறியின் கைகள் வெளியே தெரிவதால் பிட் நகர்ந்தால் கண்டுபிடிக்கலாம். இரண்டு துளைகள் ஒரே மட்டத்தில் வேண்டுமென்றால் ஒன்றைப் போட்டு முடித்து, பொருளை அதில் மாட்டி, மட்டம் பார்த்து இரண்டாவதைக் குறியுங்கள்.

2. துளைக்குள் செருகி ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறைதான் ராவல் பிளக். பிளக்கின் மேல் எழுதிய எண்ணும் பிட்டின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 6 மி.மீ. ராவல் பிளக்குக்கு 6 மி.மீ. பிட், 4 முதல் 5 மி.மீ. ஸ்க்ரூ. 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. பிட், 5 முதல் 6 மி.மீ. ஸ்க்ரூ.

3. ஆழத்தைப் பிட்டில் டேப் சுற்றிக் குறியுங்கள். பிளக்கின் நீளத்தைவிட 1 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும், உள்ளே தங்கும் தூளுக்கு இடம் வேண்டும். சுவர்ப் பூச்சு எடையைத் தாங்காது. பிளக் முழுவதும் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் உட்காரும் ஆழம் வேண்டும். பூச்சு தடிமனான சுவரில் நீளமான பிளக் எடுங்கள்.

4. சுத்தியல் இல்லாமல், மெதுவாக, ஒரு சின்னக் குழி விழும்வரை ஓட்டுங்கள். பிறகு சுத்தியலுக்கு மாற்றி, இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் எடையைக் கொடுங்கள். மெஷின் சுவருக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள்.

5. நான்கைந்து நொடிக்கு ஒரு முறை, சுழன்றபடியே பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொண்டுவாருங்கள்.

6. துளை முடிந்ததும் ஊதும் பம்பாலோ வாக்குவம் கிளீனராலோ தூளை எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எல்லாம் கண்ணுக்குத்தான் வரும். பிளக்கைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, சுவர் மட்டத்துக்கு இறக்குங்கள்.

ஐந்தாவது படியைச் சோம்பலில் விட்டுவிடுவோம். 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் பேட்டரியில் ஓடும் டிரிலால் நிலவின் மண்ணில் துளை போட்டபோது அது திட்டமிட்ட ஆழத்துக்கு இறங்காமல் நின்றது. துளைக்கும் தண்டுகளின் இணைப்பில் சுருள் வரி அறுபட்டிருந்ததால், மண் மேலே ஏறி வர வழியில்லாமல் அடைத்துக்கொண்டதே முக்கியக் காரணம். அடுத்த பயணத்துக்குள் தண்டின் வடிவத்தை மாற்றினார்கள். நம் வீட்டுச் சுவரிலும் பாதி நேரம் "மெஷினுக்குச் சக்தி போதவில்லை" என்று தோன்றுவது தூள் அடைப்புதான்.

வெளியே வரும் தூளின் நிறத்தைப் பாருங்கள், சுவர் தன்னைப் பற்றித் தானே சொல்லும். முதலில் பூச்சின் சாம்பலோ வெள்ளையோ வரும். பிறகு சிவப்பு வந்தால் செங்கல், நல்ல பிடிமானம். சாம்பல் தொடர்ந்து வந்து, துளை இறங்க மறுத்தால் கான்கிரீட். சாம்பலாக இருந்து சுலபமாக இறங்கினால் செங்கல்களுக்கு இடையே உள்ள கலவைக் கோட்டில் விழுந்திருக்கலாம். முடிந்தால் இரண்டு விரல்கடை மேலேயோ கீழேயோ தள்ளிப் போடுங்கள். சட்டென்று பிட் உள்ளே பாய்ந்தால் அது உள்ளீடற்ற கல். சுத்தியலை உடனே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மெல்லிய சுவர் உள்பக்கமாக உடையும். அதற்கு முடிச்சுப் போட்டுக்கொள்ளும் வகை பிளக் வேண்டும். இலேசான ஏஏசி கல்லிலும் (காற்றுக் குமிழிகள் நிறைந்த கான்கிரீட் கல்) சுத்தியல் கூடாது. அதற்கென்று உள்ள பிளக்கைப் பயன்படுத்துங்கள். கான்கிரீட்டில் நன்றாக இறங்கிக்கொண்டிருந்த பிட் திடீரென்று நின்று உள்ளே பளபளப்பு தெரிந்தால் அது கம்பி. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள்.

ஸ்க்ரூவின் நீளத்துக்குக் கணக்கு: பிளக்கின் நீளம், மாட்டப்போகும் பொருளின் தடிமன், ஸ்க்ரூவின் விட்டம், மூன்றையும் கூட்டுங்கள். ஸ்க்ரூவின் நுனி பிளக்கைத் தாண்டிக் கொஞ்சம் எட்டிப் பார்த்தால்தான் பிளக் முழுதாக விரியும்.

செங்கல், கான்கிரீட் தூளில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் தங்கிவிடும் நுண்தூள் அது. துணி கட்டினால் போதாது, என்95 போன்ற முகக்கவசம் போடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் போட வேண்டும், தலைக்கு மேல் துளைக்கும்போது கட்டாயம். கையுறை மட்டும் வேண்டாம்: சுழலும் பிட் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்துச் சுற்றும். தொளதொள சட்டைக் கை, தொங்கும் துப்பட்டா, விரித்த தலைமுடி எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

டைலில்

டைலில் சுத்தியல் கூடவே கூடாது. குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கூட்டல் குறி போட்டால் பிட் வழுக்காது. சாதாரணச் செராமிக் டைலுக்கு வேல்முனைக் கார்பைடு பிட் போதும். விட்ரிஃபைடு டைலில் அது மணிக்கணக்கில் நின்று சூடாகுமே தவிர இறங்காது. வைரப் பிட்தான் வழி. வைரப் பிட்டின் நடுவில் முனை இல்லை என்பதால் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பிறை வடிவில் ஒரு பள்ளம் வெட்டி, மெதுவாக நிமிர்த்த வேண்டும். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள், அழுத்தாதீர்கள். டைலின் ஓரத்துக்கும் மூலைக்கும் மிக அருகில் போட்டால் விரிசல் விடும். பிளக் டைலைத் தாண்டி முழுவதும் சுவருக்குள் போக வேண்டும். டைலுக்குள்ளேயே விரிந்தால் ஸ்க்ரூவை இறுக்கும்போது டைல் உடையும்.

இரும்பில்

குறித்த இடத்தில் சென்டர் பஞ்ச் என்னும் கூர்முனைக் கம்பியால் ஒரு குழி அடியுங்கள், பிறகு ஒரு துளி எண்ணெய். பெரிய துளைக்கு வேகம் குறைவு, சிறிய துளைக்கு வேகம் அதிகம். மெல்லிரும்பில் எச்எஸ்எஸ் பிட்டின் வெட்டும் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 25 மீட்டர் ஓடலாம் என்று வைத்தால், 3 மி.மீ. பிட்டுக்கு 2,600 சுற்று, 10 மி.மீ. பிட்டுக்கு வெறும் 800. எவர்சில்வரில் இதில் பாதி வேகம் போதும். அழுத்தத்தையும் விடக் கூடாது. வெட்டாமல் தேய்த்தால் அந்த இடம் இன்னும் கெட்டிப்படும், பிறகு எந்தப் பிட்டும் இறங்காது. சுருள் சுருளாக வெளியே வந்தால் எல்லாம் சரி. மறுபக்கம் வெளிவரும் கணத்தில் பிட் தகட்டைக் கவ்விச் சுழற்றிவிடும், அதனால் தகட்டைக் கையால் பிடிக்காமல் கிளாம்பில் இறுக்குங்கள். கடைசியில் அழுத்தத்தைக் குறையுங்கள்.

பேட்டரி

"முழுதாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்" என்ற அறிவுரை நிக்கல் காட்மியம் காலத்தது. 1961-இல் பிளாக் அண்ட் டெக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கார்ட்லெஸ் டிரில் அந்தப் பேட்டரியில்தான் ஓடியது. (கார்ட்லெஸ் டிரில் நாசாவுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது பரவலான கதை, நிறுவனம் நாசாவுக்குக் கருவி செய்தது அதற்குப் பிறகு.) லித்தியம் அயானுக்கு அந்த விதி பொருந்தாது. பாதியில் சார்ஜ் போடலாம். மெஷின் திணறத் தொடங்கியதும் நிறுத்துவது நல்லது.

லித்தியத்தின் எதிரி சூடு. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். கடுமையாக ஓட்டிய பேட்டரியைக் கொஞ்சம் ஆறவிட்டுச் சார்ஜரில் வையுங்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது. மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் முழுச் சார்ஜில் வேண்டாம், பாதியில் வையுங்கள். ஆணி, ஸ்க்ரூவோடு ஒரே டப்பாவில் பேட்டரியைப் போடாதீர்கள், இரண்டு முனையும் இணைந்தால் தீப்பிடிக்கும். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடாமல், குப்பையில் எறியாமல் மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள்.

வழக்கமாக வரும் தொல்லைகள்

பிளக் துளைக்குள் சுற்றுகிறதா? துளை பெரிதாகிவிட்டது. அடுத்த அளவு பிளக்குக்குத் துளையைப் பெரிதாக்குவதே நிரந்தர வழி. இலேசான பொருள் என்றால் பிளக்கோடு ஒரு மரச் சிம்பைச் சேர்த்து அடித்துச் சமாளிக்கலாம். தொலைக்காட்சிப் பெட்டிக்கு இந்தச் சமாளிப்பு வேண்டாம்.

ஸ்க்ரூவின் வாய் மழுங்கிப்போனால் புதுப் பிட்டுக்கும் வாய்க்கும் நடுவே அகல ரப்பர் பேண்ட் ஒன்றை வைத்து, முதல் கியரில், முழு எடையும் கொடுத்து மிக மெதுவாக எதிர்த்திசையில் திருகிப் பாருங்கள். தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குறடால் பிடித்துத் திருகுவது இன்னும் சுலபம்.

பெரிய பிட் மரத்தில் கவ்விக்கொண்டால் மெஷின் உங்கள் மணிக்கட்டைத் திருகப் பார்க்கும். பக்கக் கைப்பிடி கொடுத்திருந்தால் அதற்காகத்தான். டிரிகரை விட்டு, திசையை மாற்றி, மெல்லப் பின்னால் எடுங்கள்.

சக் இறுகித் திறக்கவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, சக்கின் முன்வளையத்தை ரப்பர் துணியால் சுற்றிக் கையால் திருப்பிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் குழாய் ரென்ச்சால் துணிக்கு மேலேயே மெதுவாகப் பிடித்துத் திருப்பலாம். திறந்ததும் தாடைகளுக்குள் சேர்ந்திருக்கும் சுவர்த்தூளைத் தூரிகையால் தட்டி எடுங்கள். கூரையில் துளைத்த பிறகு பெரும்பாலும் இந்தத் தூள்தான் இறுக்கத்துக்குக் காரணமாக இருக்கும்.